ஆறு நாள் அடுப்பில்லாமல்

ஆறு நாளைக்கு அடுப்புப் பற்றவைக்காமல் மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும் என்றால், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒன்றும் அதிகமில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். மயில்சாமியின் சுற்றுலா வண்டியில் ஏழு வருடமாகப் போய்வருகிறேன். சமையல்காரர் கூடவே வருவார். தங்கும் மண்டபத்தில் விடியும்போதே பொங்கலும் வடையும் தயாராக இருக்கும். போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும் இன்னொரு கரண்டி விழும். என் வீட்டில் எனக்கு யாரும் பரிமாறியது கிடையாது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை இருக்கிறது. தீவனம் போடுவது, முட்டை பொறுக்குவது, செத்த கோழியை எடுத்து வீசுவது எல்லாம் நான்தான். நல்லது கெட்டதுக்குப் போனால் என் சேலையில் கோழி எச்ச வாடை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைத் தேய்ப்பார்கள். வருடம் முழுக்க மாடாய் உழைத்துவிட்டு, ஆறே நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து நல்ல காற்றில் மூச்சு விட நினைத்தது பெரிய குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் வெங்கடாசலம் என்னைத் தனியாக அனுப்ப மாட்டார். "அண்ணி வந்தா நீயும் போ, இல்லீனா பேசாம ஊட்டுல கெட" என்பார். அண்ணி என்பது அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி முத்தாயம்மாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடுதான். எழுதப் படிக்கத் தெரியாது. தனியாகப் பஸ் ஏறத் தெரியாது. போனும் கிடையாது. அவளுக்கு யாராவது பேசவேண்டும் என்றால் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். யார் கூப்பிடப் போகிறார்கள், அவளுடைய ஒரே பையன் தீனதயாளன் ஒருவனைத் தவிர.

தீனா போர் போடும் ரிக் வண்டியில் வேலை செய்தான். வடக்கே சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ. முப்பத்து நாலு வயது, பெண் அமையவில்லை. மாரக்காள் என்ற உறவுக்காரி ஒருத்தி தேடிப்பிடித்துக் கொண்டுவந்த இடத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, குடித்துவிட்டு வந்து நின்றான். அன்றைக்கு அக்கா, "உன்னையப் பெத்ததுக்கு ரெண்டு கோழி வளர்த்திருக்கலாம். இனி என்ற மொகத்துல முழிக்காத" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அழுதாள். அவன் ரிக் வண்டிக்குத் திரும்பிப் போனவன் நாலு மாதம் பேசவில்லை. அக்காவும் வீம்புக்காரிதான். ஆனால் என் போன் அடித்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மிக்சி நின்றுவிடும்.

போன வருடம் தை மாதம் தஞ்சாவூர், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, மதுரை என்று கிளம்பினோம். வண்டி நகர்ந்ததும் மயில்சாமி மைக்கைப் பிடித்து எப்போதும் சொல்வதைச் சொன்னான். "ஊருல இருந்து துக்கச் சேதி வந்தா மறைக்கக் கூடாதுங்க. அம்பத்திரண்டு பேரு சாமி கும்பிட வந்திருக்கறாங்க. தீட்டோட கோயிலுக்குள்ள வந்தா எல்லாருத்தையும் பாதிக்குமுங்க. சொல்லிப்போட்டு எறங்கிக்கோங்க, பஸ் ஏத்தி உடறது என்ற பொறுப்பு." எல்லோரும் தலையாட்டினோம்.

நாலாம் நாள் திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு வந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். "தீனா போயிட்டான்" என்றார். ரிக் வண்டியில் பைப் சரிந்து காலில் விழுந்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் ஆகிறதாம். காயம் அழுகி விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். ஆம்புலன்சில் கொண்டுவர நாளன்றைக்குக் காலை ஆகிவிடும் என்றார். நாங்களும் நாளன்றைக்குக் காலையில்தான் ஊர் திரும்புகிறோம்.

"அப்ப இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுதுங்க? ரெண்டு நாள் வெறும் ஊட்டுல உக்காந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். நான் பக்குவமாக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

அவன் எங்களுக்குப் பங்காளி முறை. அக்காவுக்கு மட்டுமில்லை, எனக்கும் தீட்டுத்தான். மயில்சாமி பத்தடி தூரத்தில் நின்று டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் போய் வரிசையில் நின்றேன். சந்நிதியில் அக்கா ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "தீனதயாளன், உத்திராட நட்சத்திரம், மகர ராசி" என்று சொன்னாள். "சீக்கிரம் கண்ணாலம் கூடோணும் சாமி" என்று வாய்விட்டுக் கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். கொடுத்த திருநீற்றில் பாதியை அவள் தாளில் மடித்து அவனுக்கென்று ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கன்னியாகுமரியிலும் அவன் பேருக்கு அர்ச்சனை நடந்தது. மதியம் வத்தக்குழம்பும் அப்பளமும். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. நான் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஊர் திரும்பியதும் அக்கா தன் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தாள். "நம்மூட்டுல என்ன விசேசம் வசந்தா?" என்று கேட்டாள். வண்டியில் சொல்லியிருக்கலாம். தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை. அவள் விழுந்த விழுகையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

கருமாதி முடிந்த பிறகு, செய்தியை நான் இரண்டு நாள் மறைத்த விஷயம் வெளியே வந்தது. என்னை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள் என்று பார்த்தால், ஊரே மெச்சியது. வேறு யாராவது என்றால் போட்டு உடைத்திருப்பார்கள், வசந்தாமணிக்கு நிதானம் ஜாஸ்தி என்றார்கள். மயில்சாமி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனும் சமாதானமாகிவிட்டான். அக்காவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரெண்டு நாளும் நீதான் என்னைய மனுசியா வெச்சிருந்த" என்று சொன்னாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஒரு கேள்வி மட்டும் ஊரில் சுற்றிக்கொண்டே இருந்தது. காலை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர்கள் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ரிக் மேனேஜரையும் தடுத்துவிட்டு, டாக்டர்களிடம் நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இரண்டு நாளை இழுத்திருக்கிறான். உயிரைவிடக் கால் பெரிசா, எதற்காக அப்படிக் காத்துக் கிடந்தான் என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

எதற்காக என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் தஞ்சாவூரைப் பற்றிச் சொல்லவில்லை.

அது இரண்டாம் நாள் காலை. மண்டபத்தில் பந்தி போட்டிருந்தது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "சின்னம்மா, நான் தீனா பேசறேன். என்ற போன் ஒடஞ்சு போச்சு, பக்கத்துப் படுக்கைக்காரரு போனு இது. காலை எடுக்கோணும்ங்கறாங்க சின்னம்மா. எனக்குப் பயமாக் கெடக்குது. காலும் இல்லீன்னா எனக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? அம்மாகிட்டக் குடுங்க. அம்மா எடுக்கச் சொன்னா எடுத்துக்கறேன்."

அக்கா எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கொடுத்தால் அந்த நிமிடமே ஊர் திரும்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். அவளைத் தனியாக அனுப்ப முடியாது. நானும்தான் போகவேண்டும். தஞ்சாவூர்கூட இன்னும் பார்க்கவில்லை. மறுநாள் ராமேஸ்வரம். அப்புறம் ஒரு வருடம் கோழிக் கொட்டாய்.

"டாக்டரு சொல்றதக் கேளு சாமி. அம்மா குளிக்கப் போயிருக்குது. சாயந்திரமாப் பேசு" என்றேன். டாக்டர் சொல்வதைக் கேள் என்று நான் சொன்னேன், அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். "அம்மா வாயால ஒரு வார்த்த வரட்டும் சின்னம்மா" என்றான். வைத்துவிட்டேன்.

"யாரு வசந்தா?" என்றாள் அக்கா.

"லோன் வேணுமான்னு கேக்கறாங்கக்கா."

அதற்குப் பிறகு போனைச் சத்தம் வராமல் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த நம்பர் பதினோரு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. போனில் சத்தத்தைத் திரும்ப வைத்தேன். கால் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. நினைத்ததாக ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருச்செந்தூரில் செய்தி வந்த அன்றைக்கு அந்தப் பதினோரு அழைப்பையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

போன வாரம் வருடத் திதி முடிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா, "ரெண்டு நாள் அங்க அனாதையாக் கெடந்தும் என்ற நெனப்பு வரலியே அவனுக்கு. நான் சொன்ன சொல்லுத் தாங்காமத்தான் ஒரு போன் கூடப் பண்ணாமச் செத்தான். நாந்தான் என்ற பையனக் கொன்னுட்டேன்" என்றாள். வருடம் முழுக்க இதையேதான் சொல்கிறாள். பாதி உடம்பாகிவிட்டாள். அம்மாவைத்தான் கேட்டான் என்று நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பழி அவள் தலையிலிருந்து இறங்கிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பிடியெல்லாம் இருக்காதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மயில்சாமி காசிக்கு வண்டி போடறானாமா. அவனுக்குப் பிண்டம் வெச்சுட்டு வரோணும். நீயும் வா வசந்தா, உன்னைய உட்டா எனக்கு யாரு இருக்கறா?" என்றாள்.

பதினைந்து நாள் சுற்றுலா அது. உண்மையைச் சொல்லிவிட்டால் எனக்குத் துணைக்கு யார் வருவார்கள்?