வெள்ளாற்றில் பரிசல்

கறம்பக்குடி பஸ்ஸில் முன் சீட்டு டீச்சர் மடியில் மேப்பை விரித்திருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியும் அவள் அப்பாவும் நின்றார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி இருந்தேன்.

"கார்த்திகைத் தண்ணியில வெள்ளாத்துல எறங்கி, மணமேல்குடி கடல் வரைக்கும் பரிசல்ல போறோம். பத்துப் பிள்ளைக," என்றார் டீச்சர்.

"பாதி வழி மணலுங்க, டீச்சர்," என்றார் அப்பா.

"மணல் வந்தா பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு நடப்போம்."

அப்பா சிரித்துவிட்டார். "பொட்டப்புள்ளைகளா? கழுத்து ஒடிஞ்சிருமுங்க!"

"நாத்துக்கட்டு தூக்குறப்ப ஒடியலையேப்பா," என்றாள் மகள்.

"வாய மூடு. சம்மதச் சீட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் பையிலிருந்து சீட்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினாள்.

"எங்க ஆத்தா காலையிலயே கைநாட்டு வச்சிருச்சு டீச்சர். நான் வாரேன்."