விலை இறங்கக் கூடாது என்று ஒரு வேண்டுதல்

"வெல எறங்கிடக் கூடாதுன்னுதான் தெனமும் சாமி கும்புடுறேன்."

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னார். இந்த நாட்டில் இப்படியும் ஒரு மனிதரா என்று எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி விடவில்லை.

"போன்ல எடமே இல்லைங்க. புள்ளையோட படமெல்லாம் அழிஞ்சிறப் போவுது. என்னா வெலயா இருந்தாலும் அந்த ஹார்ட் டிஸ்க்க வாங்கிருவோம்."

"வாங்குவோம். ஆனா வெல எறங்கிட்டா மெசேஜ் நின்னுருமே."

மகள் கொழும்பில் வெப்சைட் செய்யும் வேலையில் இருந்தவள் என்று அவர்கள் பேச்சில் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க் விலையைத் தினமும் கடைகளில் பார்த்து, அது இறங்கும்வரை காலையில் அப்பாவுக்குத் தானாகவே மெசேஜ் அனுப்பும் ஒரு புரோகிராமை அவள் சோதனையாகச் செய்து வைத்திருந்தாள்.

"அவள அடக்கம் பண்ணி மூணு மாசமாச்சு. அது மட்டும் ஒரு நாளும் தவறல" என்றார் அவர்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் மேட்டில் முக்கி முக்கி ஏறியது. அப்போது அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது.

மனைவி சட்டென்று திரும்பினார். "என்னா சொல்றா?"

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "அப்பா, இன்னைக்கும் வெல கொறையல. இன்னும் கொஞ்சம் பொறுங்க."

"சரி, பொறுக்குறோம்னு சொல்லுங்க."