அத்தை வாழ்க்கைப்பட்ட டிவிசன்

தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டும். அடுத்து, தோட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த டிவிசன் என்று. அதற்குப் பிறகு எப்படியும் ஒரு உறவுமுறை வந்துவிடும். யாருடைய தங்கையையாவது அங்கே யாருக்காவது கட்டிக் கொடுத்திருப்பார்கள். நான் ஹேவாஹெட்டையில் பிறந்தவள், ஐயா. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குண்டசாலையில் நான் வேலை செய்யும் மாடிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. போனில் சூதாடுகிறவர்களுடன் கம்பனி சார்பாகத் தமிழில் பேசுவது என் வேலை. வென்ற காசை எடுக்க ஒருவர் கேட்டால் சில நாள் நிறுத்தி வைப்போம். அதற்குள் அவர் மனம் மாறினால் காசு மறுபடியும் விளையாட்டுக்குள் போய்விடும். அந்த மனதை மாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

போன வருடம் இந்த மாதிரிக் கம்பனிகளின் பித்தலாட்டத்தைப் பற்றி ஒரு வீடியோ சுற்றியது. ஆட்கள் பயந்துபோய்க் காசைக் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் மேலாளர் அனோஜன் யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டிப் பேச மாட்டார்.

“சர்மிளா, கம்பனியை நம்பச் சொல்லாதையும். உம்மை நம்பினால் காணும்,” என்றார்.

அந்த வாரம்தான் கறுப்பையாவை அழைத்தேன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெக்டரி வேலை செய்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த சேவைக்காலப் பணத்தைப் போட்டு விளையாடி, அதிசயமாக வென்றும் இருந்தார். முழுவதையும் எடுக்கக் கேட்டிருந்தார். அவர் டிவிசன் பெயரைச் சொன்னதும், என் அத்தை அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள் என்றேன்.

“அப்படின்னா நான் ஒனக்கு மாமா முறையில்ல ஆகணும்!” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “கம்பனிக்காரன நான் நம்ப மாட்டேன் தாயி. அவ்ளோ பெரிய ஆளு நமக்குக் குடுக்கவா கடை தொறந்து வச்சிருக்கான்? எம் பொஞ்சாதி பாலம்மாவுக்கு நெஞ்சுல வால்வு மாத்தணும். கண்டியில பிரைவேட் ஆஸ்பத்திரில ஒப்பரேசனுக்கு நாளும் குடுத்துட்டாங்க.”

“ஒங்க காசு மாமா, தாராளமா எடுங்க,” என்றேன். கொஞ்சம் பொறுத்து, “வெள்ளிக்கிழம வரைக்கும் வச்சிருந்தா மேல ஒரு பங்கு சேத்துத் தருவாங்க. நம்ம மாமாங்கிறதால சொல்றேன், வெளிய சொல்லிறாதீங்க.”

அந்தப் பங்கு கிடைக்க வேண்டுமானால் முழுக் காசையும் திரும்பத் திரும்பப் பந்தயத்தில் வைக்க வேண்டும். நிபந்தனை ஆங்கிலத்தில் அடியில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

காசு கணக்கிலேயே கிடந்ததால் அவர் மறுபடியும் விளையாடினார்; வெள்ளிக்கிழமை வருவதற்குள் எல்லாம் போய்விட்டது. ஏசுவார் என்று பயந்துகொண்டே போனை எடுத்தேன்.

“என் கைராசி சரியில்ல தாயி. இதால ஒனக்கு வேலையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?” என்று கேட்டார்.

குளியலறைக்குள் போய் அழுதேன், ஐயா. அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பாலம்மாவின் நட்சத்திரத்தை அவரிடமே கேட்டு, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனை செய்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாள் வந்து போனது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வருவதற்குள் பாலம்மா இறந்துவிட்டார். அந்தச் செய்தியை எனக்குச் சொல்லும்போதும் அவர் தாயி என்றுதான் கூப்பிட்டார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எனக்கு அத்தையே கிடையாது. அப்பா ஒற்றைப் பிள்ளை. அழைப்பதற்கு முன்பே அவருடைய தோட்டமும் டிவிசனும் என் திரையில் இருந்தன. காசை எடுக்கும் காரணத்தையும் அவர் எழுதியிருந்தார்: மனைவியின் ஒப்பரேசன். தெரிந்துகொண்டுதான் அழைத்தேன்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தது அவருடைய மகள், அவரல்ல. “அது நம்ம புள்ள, விட்டுருங்க” என்று அவர் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கருமாதிக்கென்று மரண உதவிச் சங்கம் கொடுத்த பணம் எங்கே போனது என்று மகள் கேட்டாளாம், அவர் வாயே திறக்கவில்லையாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தையும் நான்தான் போடச் சொன்னேன். அதுவும் போய்விட்டது.

ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். மகள் சடங்கு முடிவதற்குள்ளேயே கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். செத்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மனம் மாற ஏதாவது வேண்டாமா? அந்த நாட்களில் தினமும் அவரை அழைத்து, சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டவள் நான் ஒருத்திதான்.