வல்லாரைச் சாறும் கேதீஸ்வரி அக்காவின் வலக்கையும்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஐயா அவர்களே! செம்மண்ணைக் கொத்திச் செல்வமாக்கிய பெரியோர்களே! வெங்காயப் பாத்தியில் குனிந்து குனிந்தே எங்கள் வீடுகளை நிமிர வைத்த தாய்மார்களே! இளையோரே! நிவேதனாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

நான் வைத்தியர் அல்லள். நரம்பின் உயிரணுக்களான கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, நஞ்சு அவற்றை எப்படிக் கொல்கிறது என்று ஆராய்பவள். அந்த நஞ்சின் பெயரை நூலில் படித்தேன். அதன் கொடுமையைக் காட்டியவர், இதோ முன்வரிசையில் இருக்கும் கேதீஸ்வரி அக்கா.

பதினெட்டு ஆண்டுகள் வெறுங்கையால் அந்த நஞ்சை, பயிர்ப்பூச்சிக்கு அடிக்கும் கிருமிநாசினியை, கலந்து, காற்றுக்கு எதிரே நின்று தெளித்தவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், சுன்னாகம் சந்தையில் வெங்காயப் பிடியை நீட்டிய அவரது வலக்கை நடுங்கியது. பிடி விழுந்து சிதறியது. "வயசு போகுதக்கா," என்று சிரித்தார் வியாபாரி. அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு! நரம்பு பழுதுபட்டுவிட்டது என்றார் வைத்தியர்.

அக்கா ஒரு பனையோலைக் கடகம் நிறைய வல்லாரையோடு என் வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, நாளாந்தம் சம்பல் போட்டுச் சாப்பிடுறன். உதிலை எனக்குச் சுகம் வருமோ? ஒளிக்காமல் சொல்லு."

"தெரியாதக்கா. ஆராய்ஞ்சு பார்த்துத்தான் சொல்லவேணும்."

"அப்ப பார். நான் காத்திருக்கிறன்."

பார்த்தேன்! வல்லாரையை உலர்த்திச் சாறு பிரித்தேன். ஒரு தட்டுக்கு நஞ்சு மட்டும். ஒரு தட்டுக்கு முதலில் சாறு, பிறகு நஞ்சு. மூன்றாவதற்கு முதலில் நஞ்சு, பிறகு சாறு. இருமுறை பூஞ்சணம் பிடித்து எல்லாம் பாழாயின. துவண்டேனா? இல்லை. தொடங்கினேன், மீண்டும் தொடங்கினேன். ஏழாவது மாதம் விடை வந்தது. நஞ்சு மட்டும் பட்ட கலங்கள் சுருண்டு மாண்டன. முன்கூட்டியே சாறு பெற்றவற்றில் பெரும்பாலானவை கிளை விரித்து நின்றன!

கைதட்டாதீர்கள், பொறுங்கள். மூன்றாவது தட்டு? அங்கே மாண்டவை மாண்டவையே.

அதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னேன். அவர் தம் கையையே பார்த்தபடி இருந்தார்.

"எனக்குப் பிந்திப் போச்சு, என்ன?"

"ஓமக்கா."

"அப்ப, பிந்தாத ஆக்களுக்குச் சொல்லுவம்."

மறுவாரம் வல்லாரைச் சாறு விற்க நினைத்த ஒருவர் போத்தலும் அதில் ஒட்டும் சிட்டையுமாக என்னிடம் வந்தார். 'நடுக்கம் தீர்க்கும் சாறு' என்று எழுதி, கீழே என் பெயரைப் போடவேண்டுமாம். நான் வாய் திறக்குமுன், அங்கிருந்த அக்கா கையை நீட்டினார். "தம்பி, என்ரை கையை வடிவாப் பார்த்துப்போட்டு ஒட்டுங்கோ." வந்தவர் போத்தலோடு திரும்பிப் போனார்.

என்ன அண்ணை, பின்வரிசையில்? "வல்லாரையைத் திண்டுபோட்டு மருந்தடிக்கலாமோ" என்கிறீர்களா? இல்லை, இல்லவே இல்லை! கண்ணாடித் தட்டு மனித உடம்பு அன்று. இன்னும் எத்தனையோ சோதனைகள் உண்டு. அவற்றை முடிக்காமல் ஓயமாட்டேன். அதுவரை உங்கள் நரம்புக்குக் காவல் கையுறையும் முகமூடியும் காற்றின் திசையறிந்த நிதானமுமே!

சென்ற போகத்தில் அக்கா தம் வீட்டு ஒழுங்கை வழியே வேலி வேலியாகப் போனார். நடுங்கும் கையைத் தூக்கிக் காட்டினார். அங்கே தோட்டம் செய்யும் சுதாகரன் மட்டும் கேட்கவில்லை. "எனக்கு ஒண்டும் வராது, விடுங்கோ," என்றார். அக்கா வரம்பில் குறுக்கே நின்றார். "அப்ப என்ரை மேலை அடிச்சுப்போட்டுப் போ!" சுதாகரன் முதுகிலிருந்த மருந்துத் தாங்கியை இறக்கி வைத்தார், வீட்டுக்குப் போய்க் கையுறையோடு வந்தார். இன்று அந்த ஒழுங்கையின் இருபத்திரண்டு தோட்டங்களிலும் வெறுங்கையால் மருந்து தொடுவார் எவருமில்லை!

செத்த கலத்தை எழுப்பும் வித்தை எவரிடம் உண்டு? என்னிடம் இல்லை. ஆனால் சாகாத கலங்கள் கோடி கோடியாய் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றனவே! அவற்றைக் காப்போமா? கேட்கவில்லை, இன்னும் உரக்க! காப்போமா?

ஓம்! அந்தச் சொல்லை நாளைக் காலை உங்கள் தோட்டத்திலும் சொல்லுங்கள்.

செவிதந்த உங்களுக்கும், கசந்த உண்மையைக் கேட்டும் கலங்காத கேதீஸ்வரி அக்காவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.