ஒவ்வாமை: இல்லை

மழைக்காலம் வந்துவிட்டால் இந்தப் பெடாஸ் ஊரில் எனக்கு வேலை கூடிவிடும். ஒரு இடி விழுந்தால் போதும், அக்கம்பக்கத்து மோடம் எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். நீங்களும் சிரம்பானிலிருந்து மழையிலேயே வந்திருக்கிறீர்கள். அந்தத் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொள்ளுங்கள், மாஹிரா. துவைத்து வைத்ததுதான்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. தோட்டக் கிளினிக்கின் நோயாளர் பதிவேட்டைப் புதிய முறைக்கு மாற்றும் வேலை உங்களுடையது. மாற்றும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பதிவுகள் ஒரே மாலையில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். போன டிசம்பரிலிருந்து அந்தத் திரையை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. வேலை தெரிந்தவரிடம் பேசுவது எனக்கும் பிடிக்கும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் கணினிப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது வெளியே வந்து இந்தக் கடையைத் திறந்தேன். சுற்றியுள்ள தோட்டங்களில் என் வேலையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆம்புரோஸ் கை வைத்தால் சுத்தமாக இருக்கும் என்பார்கள். அந்தப் பேரைத் தவிர என்னிடம் வேறு முதல் கிடையாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

டிசம்பர் இரண்டாவது வாரம் குணாளன் போன் செய்தார். கிளினிக்கின் டிரஸர் அவர்தான். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காயம் கட்டுவதிலிருந்து ஊசி போடுவது வரை குணாளன்தான் எல்லாம். நோயாளர் பதிவேட்டையும் அவரே சொந்தமாக உருவாக்கி வைத்திருந்தார். படிப்பு இல்லாமல், தானே கற்றுக்கொண்டு செய்தது. நன்றாகவே செய்திருந்தார்.

"கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊருது ஆம்புரோஸ். காலையிலேருந்து பதிவேடு தொறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்கலா" என்றார்.

போய்ப் பார்த்தேன். கோளாறு என்னவென்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு இருந்தது. ஒரே நிறுவனத்தின் பழைய பதிப்பு ஒன்று, புதிய பதிப்பு ஒன்று. யாரோ பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் பிடித்துச் சோதிக்கும். ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும். கணினி மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

இதற்கு வழி உங்களுக்கே தெரியும். இரண்டையும் முழுதாக எடுக்க வேண்டும், பிறகு புதியதை மட்டும் திரும்பப் போட வேண்டும். வெறுமனே நீக்கு என்று அழுத்தினால் அது போகாது. வேர் உள்ளே இருக்கும். பாதுகாப்பு நிலையில் கணினியைத் திறந்து, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, மிச்சமிருக்கும் கோப்புறைகளைக் கையால் தேடி அழிக்க வேண்டும். பலர் அந்த அளவுக்குப் போவதில்லை. நான் போவேன்.

பழைய பதிப்பை நீக்கும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. தனிமைப்படுத்தி வைத்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று குறியிட்டேன். வைரஸ் என்று பிடித்து அடைத்து வைத்ததை யார் காப்பாற்றி வைப்பார்கள்? திறந்து பார்த்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலைதான்.

குணாளனின் பதிவேடு அதற்குள்தான் இருந்தது. விவரமும் நிரலும் ஒரே கோப்பு, அதுவும் கையால் செய்தது அல்லவா, பழைய பதிப்பு அதை வைரஸ் என்று தவறாக நினைத்து அன்று காலை பிடித்து அடைத்திருக்கிறது. பதிவேடு திறக்கவில்லை என்று அவர் போனில் சொன்னது அதனால்தான். நான் அதைக் கணினியின் மெதுவோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.

வேலை முடிந்து கணினி பளிச்சென்று திறந்தது. பதிவேட்டைத் தேடினேன். இல்லை. மீட்கும் கருவிகளை ஓட்டினேன். அதுவும் பயனில்லை, மிச்சங்களையும் நானே துடைத்திருந்தேன் அல்லவா. பக்கத்து அறையில் குணாளன் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மறுபிரதி எடுக்கும் ஏற்பாடு செய்து தரச் சொல்லி ஒரு வருடத்துக்கு முன்பே என்னிடம் கேட்டிருந்தார். செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆச்சா?" என்று கேட்டார்.

"கடைக்குக் கொண்டுபோய் ஒரு தடவ பாத்துட்டு நாளைக்குக் காலையில தரேன் டிரஸர்" என்றேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் திட்டியிருக்க மாட்டார். திட்டும் ஆள் அல்ல. நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி கேட்டு எழுதியிருப்பார். ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆனால் அந்த ஒரு மாதமும் கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்லியிருப்பார்.

என்னிடம் நான்கு வருடத்துக்கு முந்தைய பிரதி ஒன்று இருந்தது. கிளினிக்கின் பழைய கணினியை மாற்றியபோது நான் எடுத்தது. அதைப் போட்டேன். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய பேர், அடையாள அட்டை எண், வந்த தேதி, வாங்கிய மருந்து எல்லாம் மருந்து இருப்புக் கோப்பில் தனியாக இருந்தன. அவற்றை இழுத்துவந்து பொருத்தினேன். மதியத்திலிருந்து ஆறு மணி வரை ஆயிற்று. பொருத்தியது தெரியாத அளவுக்குப் பொருந்திவிட்டது. பழைய ஆட்களின் விவரத்தில் இந்த நான்கு வருடத்தில் குணாளன் ஏதாவது மாற்றியிருந்தால் அது போனதுதான்.

ஒரே ஒரு கட்டம்தான் வேறெங்கும் இல்லாதது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற கட்டம். அதைக் காலியாக விட்டால் பதிவேடு ஏற்காது. குணாளன் அப்படி அமைத்திருந்தார். தெரியவில்லை என்று எழுதலாம், அதுதான் சரியும்கூட. ஆனால் இருநூறு பேருக்குத் தெரியவில்லை என்று இருந்தால் பார்த்த முதல் நாளே கேட்பார். அதனால் அவர் மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரியே மலாயில் ‘தியாடா’ என்று அடித்தேன். இல்லை என்று அர்த்தம். முதல் பெயருக்கு மட்டும் கையால் அடித்தேன். மற்றவர்களுக்கு நகலெடுத்துக் கீழே இழுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இருநூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் இருக்காது. அதுதான் வழக்கம். ஆகவே நான் எழுதியது பெரும்பாலும் உண்மைதான்.

மறுநாள் கணினியைக் கொண்டுபோய் வைத்தேன். குணாளன் திறந்து பார்த்து, "புதுசு மாதிரி ஓடுதே" என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு எல்லோரையும் முகம் பார்த்தே தெரியும். அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. ஏழு வாரம் அப்படியே போயிற்று.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை அவர் போர்டிக்சனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வனேசா என்று ஒரு நர்ஸ் பெண் வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது, அந்தக் கிளினிக்குக்குப் புதிது. ராக்கம்மாவை அவருடைய கணவர் சந்திரன் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழத்தைத் தோட்டத்தில் பொறுக்குகிறவர் ராக்கம்மா. காலில் செம்பனை முள் குத்திச் சீழ் வைத்து, முழங்கால் வரை வீங்கியிருந்தது. காய்ச்சலில் தன் நினைவு இல்லாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

அன்று நான் அங்கே இல்லை. விசாரணையில் சொல்லக் கேட்டதுதான். வனேசா சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று சந்திரனிடம் கேட்டிருக்கிறாள்.

"எனக்கென்ன தெரியும்மா, நான் லோரி ஓட்டிக்கிட்டு வெளியூரே கதின்னு கெடந்தவன். கம்ப்யூட்டர்ல பாருங்க. டிரஸர் எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பாரு" என்றாராம் அவர்.

வனேசா பார்த்தாள். தியாடா என்று இருந்தது. மருத்துவருக்குப் போன் செய்து கேட்டாள். அவர் பென்சிலின் ஊசி போடச் சொன்னார். போட்டாள். இருபது நிமிடத்தில் ராக்கம்மா போய்விட்டார். ஆம்புலன்ஸ் அப்போது வழியில்தான் இருந்தது.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கணினியைப் பரிசோதித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. ராக்கம்மாவின் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். கணினியில் பழுது ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழுது இல்லைதான். நான் நீக்கியதற்குப் பிறகு அது ஒருநாளும் நின்றதில்லை. பதிவு எந்தத் தேதியில் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை. உங்களைப் போலக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

குணாளன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நான் எழுதினேன் சார். ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்தம்மாவுக்கு ஊசி ஒத்துக்காம போச்சு, நான்தான் கூட இருந்தேன். அன்னிக்கே எழுதினேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆம்புரோஸ், கம்ப்யூட்டர்ல அது அழிஞ்சிருக்க சான்ஸ் இருக்கா?"

"கம்ப்யூட்டர் தானா எதையும் மாத்தாது டிரஸர்" என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

குணாளனை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஊசி போட்ட கை தன்னுடையது என்று வனேசாவும் அந்த வேலையே வேண்டாமென்று போய்விட்டாள். ராக்கம்மாவின் கருமாதிக்கு நானும் போயிருந்தேன். குணாளன் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. நேராகச் சந்திரனிடம் போய்க் காலில் விழுந்தார். "எழுதினேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே. எழுத மறந்துட்டேன் போலருக்கு" என்று சொல்லி அழுதார். சந்திரன் அவரைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் குணாளனைத் தோளைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார். பார்க்கும்போதெல்லாம் நிறுத்திப் பேசுவேன். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்துவிட்டார். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று வீட்டில் நாலு தடவை எழுந்து பார்க்கிறாராம். தன் ஞாபகத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தொழிலில் ஒருமுறை கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். சில ஜெபங்கள் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மற்ற இருநூற்றுப் பதினொரு பேரின் பட்டியல் இந்த டிராயரில் இருக்கிறது. அன்று மாலையே அச்செடுத்து வைத்துவிட்டேன். யார் யாருக்குத் தெரியாமல் எழுதினேன் என்ற கணக்கு கையில் இருப்பது நல்லதல்லவா. எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் இந்தப் பத்து மாதமும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானும் போய்க் கணினியைப் பார்த்துவிட்டு வருகிறேன். திருத்தியிருக்கலாம். திருத்தினால் ராக்கம்மாவின் பக்கத்தையும் ஒருவர் தேடிப் பார்ப்பார். மற்றவர்கள் யாருக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ராக்கம்மாவின் விஷயம் எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். இவ்வளவு சொன்ன பிறகு அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு அவர் இந்தக் கடைக்கு வந்தார். போன் திரை உடைந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். நான் திரையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"கிளினிக் கம்ப்யூட்டர நீங்கதான் ரிப்பேர் செஞ்சீங்களாமே தம்பி. எம் பேரு அதுல பத்திரமா இருக்கா?"

"ஏன்க்கா கேக்கறீங்க?"

"அந்தப் பென்சிலின் ஊசி எனக்கு ஆவாது தம்பி. ரெண்டு வருசத்துக்கு முன்ன போட்டு, மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சே நின்னுருச்சு. டிரஸர்தான் காப்பாத்துனாரு. கம்ப்யூட்டர்ல எழுதிட்டேன், இனிமே ஒனக்கு யாரும் போடமாட்டாங்கன்னு சொன்னாரு. அந்தத் தைரியத்துலதான் இருக்கேன்."

குணாளனுக்கு ஒரு போன் போதும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என்ன காரணம் சொல்லி அந்த ஒரு பேரை மட்டும் திருத்தச் சொல்வது? ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் கேட்பார். இன்னும் ஆறு வாரத்தில் நானே கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். குணாளன் இருக்கும்வரை ராக்கம்மாவுக்கு ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன். அவர் கல்யாணத்துக்குப் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஒங்க பேரு இருக்குக்கா" என்றேன்.

அவருக்கு நிம்மதியாயிற்று. புதுத் திரையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. படியில் பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி, என் குடையைக் கொடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றும் சொன்னேன். மாஹிரா, அதை நான் உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன்.