ஆறாவது பாட்டு

காதில் அழுக்கு சேர்வதைப் பற்றி ஜனங்களுக்குத் தேவையில்லாத வெட்கம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "காலையிலதான் சுத்தம் பண்ணேன்" என்று குற்றம் செய்தவர்கள் போலச் சொல்வார்கள். அழுக்கு இருந்தால் நல்லது, அதுதான் காதைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். பிறகு தலையை என் கையில் கொடுத்துவிடுவார்கள். என் தொழிலில் பாதி, அந்தத் தலையை வாங்கிக்கொள்வதுதான்.

நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். நான் காது அச்சு எடுப்பவள். காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்த வேண்டுமென்றால் காதுத் துளையின் வடிவம் வேண்டும். மேடையில் பாடுகிறவர்களும் வருவார்கள், தங்கள் குரல் தங்களுக்கே கேட்கக் காதுக்குள் மாட்டிக்கொள்ளும் கருவிக்காக. முதலில் நூல் கட்டிய சின்னப் பஞ்சு உருண்டையை உள்ளே வைப்போம். அது செவிப்பறைக்குக் காவல். பிறகு பசையை ஊசிக்குழலில் அடைத்துத் துளையை நிரப்பினால் ஐந்து நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். நூலைப் பிடித்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டியதுதான். வலிக்காது. பத்தொன்பது வருடத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது. அதையும் எழுதுங்கள்.

அந்த இசைத்தட்டை எனக்குக் கொடுத்தது எங்கள் வரவேற்பில் உட்காரும் பெண். நல்ல பெண். வாய்தான் ஓயாது.

"அக்கா, நீங்க பாட்டே கேக்க மாட்டீங்களா? இதை மட்டும் கேளுங்க. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு எனக்கு."

அட்டை முழுக்கக் கறுப்பு. ஒரு கல் வளைவின் கீழே தரைவரை புரளும் உடையில் ஒரு பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். முகம் தெரிய வேண்டிய அவசியம் எனக்கில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தத் தோளுக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். என் தங்கை. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். அம்மா அவளைக் 'கண்ணு' என்று கூப்பிடுவாள். என்னைக் கூப்பிட அம்மாவுக்குத் தேவை வந்ததில்லை, நான் எப்போதும் பக்கத்திலேயே இருந்தேன்.

வரவேற்புப் பெண்ணிடம் நான் எதையும் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளிச்சத்தம் ஒரு துளி நுழையாத அறை அது. ஒரே ஒரு கண்ணாடிச் சன்னல். காது சோதிக்கிற கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் எங்கோ தூரத்தில் ஒரு மணி. பிறகு கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கிற ஒரு பழங்கால நரம்பு வாத்தியம், ஒரே சுரத்தில் விடாமல் ரீங்கரித்தது. அதற்கு மேலே அவள் குரல். அதையே பத்துப் பதினைந்தாக அடுக்கியிருந்தாள். பெரிய கல் மண்டபத்தில் துறவிகள் கூட்டமாக நின்று பாடுகிற மாதிரி இருந்தது. முதல் மூன்று பாட்டில் சொல்லே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நியாயமாகப் பேசித்தான் பழக்கம். நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான்காவது பாட்டில் கதை ஆரம்பித்தது. பல நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நகரம், அதில் ஒரு கோபுரம், உச்சி அறையில் ஒரு கிழவி. மூத்த மகள் வெளியே பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போகிறாள். கேட்கிறவர்களுக்கு அது ராஜா ராணி காலத்துக் கதை. எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.

ஆமாம், நான் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். அவளுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. ஒருநாள் நைட்டியோடேயே தெருமுனைவரை போய்விட்டாள். வேலைக்குப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், வேறென்ன செய்வார்கள் என்று. ஏழு வருடம் அவளுக்கு மலம் அள்ளினேன். விரிப்பு துவைத்தேன். தட்டில் துப்பினால் தட்டை எடுத்துவிடுவேன், மறுவேளைவரை கொடுக்க மாட்டேன். அப்படித்தான் பழக்க வேண்டும். சின்னவள் அப்போது எந்த ஊர் மேடையிலோ மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது பாட்டில் வாத்தியம் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு கரகரப்பு. அதற்குள்ளிருந்து அம்மா பேசினாள்.

"கண்ணு, நல்லா இருக்கியா? எனக்கென்ன, ஒண்ணுமில்ல. கதவுதான்… சரி சரி, அவ வந்துட்டா. அவ வந்துட்டா, வெச்சிடறேன்."

சின்னவள் யார் மூலமோ அம்மாவுக்கு ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தாள். தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள் அம்மா. நான் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் பேசியதை எல்லாம் சின்னவள் பதிவுசெய்து வைத்திருக்கிறாள். 'அவ வந்துட்டா' என்ற அந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே அந்தத் துறவிக் கூட்டத்தைப் பாடவிட்டிருந்தாள். நாலரை நிமிடம். நான் வந்துவிட்டேன், நான் வந்துவிட்டேன், நான் வந்துவிட்டேன்.

அம்மாவின் குரலில் பயம் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்களாம். அது பயமல்ல. அவளுக்கு மூச்சு வாங்கும். இரைப்புக்காரியின் மூச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது வரவேற்புப் பெண் கண் கலங்கி நின்றாள்.

"ஆறாவது பாட்டு கேட்டீங்களா அக்கா? அந்தக் கிழவியப் பூட்டி வெச்சவ மட்டும் என் கையில கெடைச்சா, கிழிச்சுடுவேன்."

"கதைதானே" என்றேன்.

"கதையா இருந்தாலும் அவ நாசமாப் போகணும்க்கா."

அவளோடுதான் அன்றும் சாப்பிட்டேன். என் டப்பாவிலிருந்து அவளுக்கும் எடுத்து வைத்தேன்.

கோபமா என்று கேட்டீர்கள். அதற்கு வேறு சொல் இருந்தால் கொடுங்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பாட்டை நான் தினமும் மதியம் கேட்டேன். முப்பத்தொரு நாள். என் பல்லை நானே கடித்து ஒரு ஓரம் உடைந்துபோனது. அம்மாவின் சிறுநீர் நாற்றம் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது? அவள் என்னைக் கடித்த தழும்பு எங்கே இருக்கிறது? முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் வரிசையாக உட்கார்ந்து என் அம்மாவுக்காக அழுகிறார்கள், என்னைச் சபிக்கிறார்கள், எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், அவளுக்கு. அம்மா செத்த பிறகும் அவளுக்கு.

முப்பத்திரண்டாம் நாள் நானே சின்னவளைக் கூப்பிட்டேன். பாட்டு கேட்டேன், நன்றாக இருக்கிறது, மேடைக்குப் போட்டுக்கொள்ள உனக்கு நானே அச்சு எடுத்துத் தருகிறேன், வா என்றேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் பதினொரு மணிக்கு வந்தாள். சோதனை அறைக்குக் கூட்டிப்போனேன். முடியில் நரை விழுந்திருந்தது. அதுவரை அவளுக்கும் வயதாகும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

"நீ கூப்பிடுவேன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. ஆறாவது பாட்டு… கேட்டியா?"

"கேட்டேன்."

"கோவம் இல்லையா?"

"கோவப்பட என்ன இருக்கு? உக்காரு."

உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்குக் கடைசியில என்ன ஆச்சு? எல்லாம் முடிஞ்ச பிறகுதான எனக்குச் சொன்ன. கேட்டா பேச்ச மாத்திடற. அது தெரியாம என்னால தூங்க முடியலக்கா."

"சொல்றேன். மொதல்ல அச்சு எடுத்துடலாம்."

சின்ன வயதில் அவள் இடது காதில் சீழ் வைத்து, பறையில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை பிறகு மூடவேயில்லை. மருந்து விடும்போது அவள் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் நான். அப்படிப்பட்ட காதைத் தொடவே கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவளுடைய நோயாளி அட்டையில் 'இரு பறையும் நலம்' என்று எழுதினேன்.

பஞ்சு உருண்டையை மறந்துவிட்டேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. இரண்டு உருண்டையும் தட்டில் எண்ணி எடுத்து வைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்கவும் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்தேன். இரண்டு காதிலும், எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே போய், அழுத்தி நிரப்பினேன்.

"அக்கா, ரொம்ப அழுத்தமா இருக்கு. வலிக்குது."

அப்படித்தான் இருக்கும், அசையாதே, வாயைத் திறந்தால் அச்சு கெட்டுவிடும் என்று சைகை காட்டினேன். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் அசையவில்லை. வாயையும் திறக்கவில்லை. வாழ்க்கையில் அவள் என் பேச்சை முழுதாகக் கேட்டது அந்த ஐந்து நிமிடம்தான்.

இறுகியதும் இழுத்தேன். பசை பறைவரை போய் ஒட்டிக்கொண்ட நிலையில் இழுக்கக் கூடாது, அறுவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். இடது பக்கம் இழுத்தபோது அவள் கத்தினாள். வரவேற்புப் பெண் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்து கதவைத் தட்டினாள். கதவைப் பூட்டியிருந்தேன். வலது பக்கத்தை அதற்குப் பிறகுதான் இழுத்தேன். இது முக்கியம், தெளிவாக எழுதுங்கள். ஒன்று தவறு என்று சொல்லலாம். இரண்டாவதை நான் அவள் கத்தியதைக் கேட்ட பிறகு, அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கும்போது, கையை உதறிவிட்டு இழுத்தேன். இடது காது இனி இல்லை என்கிறார்கள். வலதில் ஏதோ இரைச்சல் மட்டும் கேட்கிறதாம்.

அந்த ஐந்து நிமிடம் என் உதடு அசைந்துகொண்டே இருந்ததை வரவேற்புப் பெண் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். என்ன பேசினாய் என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். அவளுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், அதனால் சொன்னேன். அவளால் கேட்க முடியாதது என் குற்றமில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மாவின் அறை பழக்கத்தில் பூட்டியிருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. எழுந்து போனேன். சாவியைத் துளையில் நுழைத்தும்விட்டேன். அப்போதுதான் அவள், "கண்ணு, கதவத் திற கண்ணு" என்றாள்.

சாவியை வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். துவைத்த துணிகளை மடித்தேன். அவள் தரையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணு, கண்ணு. மதியம் ஆனது. நான் நல்ல மனத்தோடுதான் காத்திருந்தேன். பெரியவளே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அடுத்த நொடி திறந்திருப்பேன். நாலு மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது. வயசு, இதயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

கல்நெஞ்சக்காரி என்று எழுதாதீர்கள். கடைசியில் அவள் தண்ணீர் கேட்டாள், அது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் என்னிடம் கேட்கவில்லையே.