பதினான்கு நாள்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது எனக்குக் கை நடுங்காது. ஒரு சொட்டுகூடச் சிந்தாது. ஷீனாவே அதைச் சொல்லியிருக்கிறாள்.

என் மனைவி ஷீனா ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். ஒரு செவ்வாய்க்கிழமை, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை எகிறி இடது கண்ணில் அடித்தது. அதற்கு முந்தின ஞாயிறுதான், மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் வழியில், திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, இனி என்னோடு இருக்க முடியாது என்று சொல்லியிருந்தாள். அழாமல் சொன்னாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மதுரையில் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். இப்படிப்பட்டதைக் கூட வந்த ஆண்பிள்ளையிடம்தான் சொல்வார்கள்.

"அந்தக் கண்ல பார்வை வராது. பதினாலு நாளுக்குள்ள எடுத்துடணும். குழிக்குள்ள ஒரு உருண்டை வச்சுத் தைச்சிட்டு, அப்புறமா செயற்கைக் கண் பொருத்தலாம். விட்டா நல்ல கண்ணையும் பாதிக்கலாம். அவங்ககிட்ட பக்குவமாச் சொல்லுங்க."

பக்குவமாகத்தான் சொன்னேன், சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும் என்று.

"எம்புட்டு நாள் ஆகும்?"

"செத்த பொறு. நான் இருக்கேன்ல."

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளிக் கண்மலர் வாங்கி வந்தேன், மாதாவுக்கு வைக்க. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"அடிபட்டது ஒண்ணுதான? ரெண்டு எதுக்கு?"

"சோடியாத்தான் விப்பாக."

அந்த நாட்களில் நான் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

பாதிக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். பாதிக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பார்வை இல்லாதவள் திருப்பூருக்குப் போகமாட்டாள். பதினைந்தாம் நாள் நன்றாகத் தூங்கினேன். பிறகு இன்றுவரை அப்படித் தூங்கியதில்லை.

ஏழாவது வாரம் வலது கண் சிவந்து மங்கியது. தூசி என்றேன். மேலும் பத்து நாள் கழித்தே கூட்டிப்போனேன்.

டாக்டர் அவள் எதிரிலேயே கேட்டார். "அன்னைக்கே எடுக்கணும்னு சொன்னேனே, ஏன் வரல?"

"அவதான் பயந்தா சார்."

ஷீனா என் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நான் எப்பங்க பயந்தேன்?"

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணுக்கு எவ்வளவோ மருந்து கொடுத்தும் பார்வை திரும்பவில்லை. செயற்கைக் கண்ணை அழகாகப் பொருத்தியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் அதைத்தான் நல்ல கண் என்பார்கள்.

பொருத்திய அன்று வராந்தாவில் என் கையை உதறிவிட்டு நான்கு எட்டு தனியாக நடந்தாள். காலுக்குப் படி தட்டுப்பட்டதும் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். கட்டியவளை விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை நான்.